மாசியில் பூத்த புல்

இந்த ஆய்வு நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நாலு பேரையும் வந்து பார்க்கும்படி என்னை அழைத்தபோது, மகரந்தம் எண்ணுவது எப்படி என்று சொல்லித்தரத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். வந்து பார்த்தால் உங்கள் இயந்திரம் தானே காற்றை இழுக்கிறது, தானே படம் பிடிக்கிறது. அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆகவே நான் எழுதிய ஒரு பொய்க் கணக்கைப் பற்றிச் சொல்கிறேன். அந்தத் தவறை இயந்திரம் செய்யாது. நீங்கள் செய்யக்கூடும்.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள். எண்பத்துமூன்றுக் கலவரம் நடந்து இரண்டு வருடம் கழித்து, கண்டி நகரத்தில் இழுப்பு நோய்க்கென்று இருந்த ஒரு சின்னக் கிளினிக்கில் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தேன். அதை நடத்தியவர் யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், அவ்வளவுதான். கிளினிக்கில் எல்லோரும் அவரை ‘டொக்டர்’ என்போம். சண்டையால் அவருடைய ஊருக்குப் போகிற பாதை திறப்பதும் பூட்டுவதுமாக இருந்ததால், குண்டசாலையில் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சிரிப்பார். நோயாளிகளில் பாதிப் பேருக்கு அந்தச் சிரிப்பிலேயே மூச்சு இளகிவிடும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

என் வேலை எளிமையானது. பசை தடவிய ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைத் தினமும் மொட்டைமாடியில் வைக்க வேண்டும். மறுநாள் அதை எடுத்துச் சாயம் போட்டு, நுண்ணோக்கியில் வைத்து, காற்றில் வந்து ஒட்டிய மகரந்தங்களை எண்ணிக் கொப்பியில் எழுத வேண்டும். அந்தக் கண்ணாடித் துண்டை நாங்கள் சிலைட் என்போம். புல்லின் மகரந்தம் இளஞ்சிவப்பில் உருண்டையாக, நடுவில் ஒரே ஒரு துவாரத்தோடு தெரியும். ஒற்றைக் கண்ணால் நம்மைத் திரும்பிப் பார்ப்பது போல இருக்கும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு நான் சாப்பிடப் போக மறந்துவிட்டேன்.

நாலு வருடம் எண்ணிய பிறகு டொக்டர் என்னை ஒரு கலண்டர் வரையச் சொன்னார். எந்த மாதத்தில் எந்த மகரந்தம் காற்றில் வரும் என்று நிறம் தீட்டிக் காட்டும் கலண்டர். புல்லுக்குப் பச்சை. சித்திரைப் புத்தாண்டு முடிந்து, மழை பெய்து, வைகாசியில் வெசாக் வெளிச்சக் கூடுகள் தொங்கும் நாளில் பச்சை தொடங்கும். டொக்டர் அதை அச்சிட்டு நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். பச்சை தொடங்க இரண்டு கிழமைக்கு, அதாவது பதினாலு நாளுக்கு முன், வாயில் வைத்து இழுக்கிற தடுப்பு மருந்து பம்பைப் பிடிக்கத் தொடங்க வேண்டும், பச்சை முடிந்தால் நிறுத்தலாம் என்பது ஏற்பாடு. கீழே சின்ன எழுத்தில் ‘தயாரிப்பு: ஈஸ்வரி’ என்று போட்டிருந்தது. எங்கள் அப்பா அதை லயத்து வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். வீட்டில் யாருக்கும் இழுப்பு இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவதற்காக ஒட்டினார்.

இரண்டு வருடம் கலண்டர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. மூன்றாவது வருடம் மழை ஏமாற்றியது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்ய வேண்டியது பெய்யவில்லை. தை பிறந்த பிறகு ஒரு கிழமை கொட்டித் தீர்த்தது. அதன் பிறகு நல்ல வெயில். மாசி முதல் கிழமையில் சிலைட்டை நுண்ணோக்கியில் வைத்தால், எங்கு பார்த்தாலும் ஒற்றைக் கண்கள். வெசாக் மாதத்தில்கூட நான் அவ்வளவு பார்த்ததில்லை.

எனக்கு முதலில் தோன்றியது, சிலைட் மாறிப்போய்விட்டது என்பதுதான். சில நாளுக்கு முன் அலுமாரியை இடம் மாற்றும்போது பழைய சிலைட் பெட்டி ஒன்று சரிந்து கொட்டியிருந்தது. போன வருடத்து வெசாக் சிலைட்டுதான் இதற்குள் கலந்திருக்கும் என்று முடிவு செய்தேன். கொப்பியில் அந்த நாளுக்கு, போன வருடம் அதே நாளில் இருந்த எண்ணை எழுதினேன். மறுநாளும் அதே கூட்டம். புதிதாக நானே பசை தடவி, நானே மாடியில் வைத்த சிலைட் அது. கலந்துபோக வழியே இல்லை. அப்போதும் போன வருடத்து எண்ணைத்தான் எழுதினேன். ஏன் என்று கேட்டால், கலண்டரில் என் பெயர் இருந்தது. வேறு காரணம் இல்லை. இப்படி ஒன்பது நாள் எழுதினேன்.

அந்த ஒன்பது நாளுக்குள் ஒருவர் வந்து என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போனார். அவர் ரஸீன் நானா. கண்டி - தெல்தெனிய பஸ்ஸில் கொண்டக்டர். சின்ன வயதிலிருந்து இழுப்பு உள்ளவர். அவசரத்துக்கு வைத்திருக்கும் மாத்திரை வாங்க வந்தபோது என் மேசைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி, ஒரு கிழமயா தெல்தெனிய பாலம் வந்தா மூக்கு அரிக்குது. இந்தப் பக்கம் திரும்பி வந்தா கொறயுது. புல்லு பூத்தீக்குமோ?”

“இப்ப எங்க நானா புல்லு? இன்னும் ரெண்டு மூணு மாசம் இருக்கு. சளித் தடிமனா இருக்கும். கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க.”

“கலண்டர் எழுதின ஆளே செல்லுறீங்க, அப்ப சரி” என்று போய்விட்டார்.

பத்தாவது நாள் காலை, எங்கள் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் ஒரு பெரிய பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நுழைந்தது. சாரதி பாதையை விட்டுவிட்டு, பிரயாணிகள் அத்தனை பேரோடும் கிளினிக் வாசலுக்கே ஓட்டி வந்திருந்தார். ரஸீன் நானாவை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தோளில் டிக்கட் பை தொங்கியபடியே இருந்தது. டொக்டர் அவரை உட்கார வைத்து, ஒட்சிசன் மாட்டி, ஊசி போட்டு, அவருடைய முதுகில் கையை வைத்தபடி பக்கத்திலேயே நின்றார். வெளியே நாற்பது பேர் பஸ்ஸுக்குள் காத்திருந்தார்கள். யாரும் இறங்கி வேறு பஸ் தேடவில்லை. முக்கால் மணித்தியாலம் கழித்து அவர் வாயில் முதல் சொல் வந்தது.

“கலண்டர்ல பச்ச இல்லயேன்னு மருந்த எடுக்காம இருந்துட்டேன், டொக்டர் நோனா.”

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. தன்னுடைய பிழைபோலத்தான் சொன்னார். நான் கதவு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று பகல் டொக்டருடைய அறைக்குப் போய்க் கொப்பியை மேசையில் வைத்தேன். ஒன்பது நாளையும் விரலால் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சிலைட்டுகளை எறிஞ்சு போட்டீரோ?” என்று கேட்டார்.

“இல்ல டொக்டர். எல்லாம் இருக்கு.”

“அப்ப அழாமல் போய் எடுத்துக்கொண்டு வாரும்.”

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒன்பது சிலைட்டையும் மறுபடி எண்ணினோம். அவர் எண்ணுவார், நான் எழுதுவேன். பிறகு நான் எண்ணுவேன், அவர் எழுதுவார். நடுவில் ஒருமுறை தலையை நிமிர்த்தி, “ஈஸ்வரி, நீர் பிழையா எண்ணியிருந்தா அதைத் திருத்தலாம். எண்ணாததை எண்ணினதா எழுதினா, அதை நம்பி நானும் பிழை விடுவன், அந்த மனுசனும் மூச்சு விடேலாமல் கிடப்பார். விளங்குதோ?” என்றார். அதற்குமேல் அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்றும் இல்லை, பின்னால் எப்போதும் இல்லை. என் எண்ணை நம்புவதையும் நிறுத்தவில்லை. உங்களுக்குக் கீழே ஒருநாள் ஆட்கள் வேலை செய்வார்கள். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி மற்ற நோயாளிகளுக்குச் சொல்ல வேண்டும். எல்லோரும் வெசாக்கை எதிர்பார்த்து மருந்து எடுக்காமல் இருப்பார்கள். தொலைபேசி உள்ள வீடுகள் குறைவு. தபால் அட்டை எழுத உட்கார்ந்தோம். அது போய்ச் சேருவதற்குள் இன்னும் நாலு பேர் நீலம் பாய்ந்து வந்துவிடுவார்களே என்று டொக்டர் கவலைப்பட்டார். கட்டிலில் சாய்ந்திருந்த ரஸீன் நானா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பஸ் ஸ்டாண்ட்ல செல்லிட்டாப் போதுமே” என்றார். மாலையில் தன்னைப் பார்க்க வந்த சாரதியிடம் சேதியைச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை நான் பஸ் ஸ்டாண்ட் வழியாக வந்தபோது கேட்ட சத்தத்தை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. “குண்டசாலை, திகன, தெல்தெனிய, இழுப்புக்காரங்க இன்னக்கே மருந்தத் தொடங்குங்க, தெல்தெனிய, தெல்தெனிய” என்று ஒருவர் கூவினார். அடுத்த பஸ்காரர் அதையே சிங்களத்தில் கூவினார். மூன்று நாளில் ஊரெல்லாம் சேதி போய்விட்டது. தபால் அட்டை கிடைக்கும்போது, “இதத்தான் பஸ்ல செல்லிட்டாங்களே” என்று சொன்னார்களாம்.

ஆனால் புல் எங்கே பூத்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கண்டியைச் சுற்றி நான் பார்த்த புல் ஒன்றும் பூக்கவில்லை. ரஸீன் நானாவின் மூக்கு சொன்ன இடம் தெல்தெனியப் பாலம். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். நான் தயங்கினேன். அது நீர்த்தேக்கத்தின் கரை. சண்டைக் காலத்தில் அணைக்கட்டுப் பக்கம் ஆமிக்காரர் எவ்வளவு கடுமையாக இருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டொக்டருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம்.

“நீங்க வர வேணாம் டொக்டர். நான் மட்டும் போயிட்டு வாறேன்.”

“ஒன்பது சிலைட்டிலை என்ன இருக்கெண்டு ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணினனாங்கள். பூவைப் பார்க்க மட்டும் நீர் தனியப் போறதோ? நானும் வாறன்.”

ரஸீன் நானாவின் பஸ்ஸிலேயே ஏறினோம். அவர் குணமாகி அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். மூக்கையும் வாயையும் மூடி ஒரு கைலேஞ்சி கட்டியிருந்தார். என் மடியில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் பித்தளையில் செய்த பழைய கையடக்க நுண்ணோக்கியும், சிலைட்டுகளும், சாயப் போத்தலும், நாங்கள் யார் என்று சொல்லும் கிளினிக் கடிதமும் இருந்தன.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் சோதனைச் சாவடி. பஸ் நின்றது. இரண்டு சிப்பாய்கள் முன்கதவால் ஏறி, ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். என் கை தானாகவே பெட்டியைக் காலுக்குக் கீழே தள்ளப் போனது. சேலையால் மறைத்தால் தெரியாது. பாதித் தூரம் தள்ளியும்விட்டேன். அப்போது அந்தக் கொப்பி என் நினைவுக்கு வந்தது. ஒளித்து வைத்தது வெளியே வரும்போது எப்படி இருக்கும் என்று எனக்கு அந்தக் கிழமைதான் தெரிந்திருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன்.

“சேர், இதில் நுண்ணோக்கியும் கண்ணாடித் துண்டுகளும் இருக்கின்றன. கீழே இறங்கித் திறந்து காட்டட்டுமா?” என்று சிங்களத்தில் கேட்டேன்.

சிப்பாய்கள் என்னையும் டொக்டரையும் கீழே இறக்கினார்கள். கீழே ஒரு சார்ஜண்ட் நின்றிருந்தார். பெட்டியைத் திறக்கச் சொல்லி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு டொக்டரின் அடையாள அட்டையை வாங்கினார். அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு பேரையும் மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கச் சொன்னார். முகாமுக்கு வயர்லஸில் பேசிவிட்டு, ரஸீன் நானாவைப் பார்த்துப் பஸ்ஸைப் போகச் சொன்னார்.

ரஸீன் நானா மணியை அடிக்கவில்லை. “தெல்தெனியவுக்கு டிக்கட் எடுத்தவங்க, சேர். அவங்கள விட்டுட்டுப் போக ஏலாது” என்று சிங்களத்தில் பணிவாகச் சொன்னார். சாரதி இன்ஜினை நிறுத்திவிட்டார். இருவருமே அதனால் என்ன வரும் என்று தெரியாதவர்கள் அல்ல.

முகாமிலிருந்து பதில் வரவில்லை. வெயில் ஏறியது. டொக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் சிரிக்காமல் நின்று நான் பார்த்தது அந்த அரை மணித்தியாலம்தான். அப்போது சார்ஜண்ட் தும்மினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு தும்மல். கண்ணிரண்டும் சிவந்து நீர் வடிந்தது. நான் பயத்திலும் எண்ணிக்கொண்டிருந்தேன். தொழில் பழக்கம்.

“எத்தனை நாளாக இப்படி?” என்று டொக்டர் கேட்டார். கிளினிக்கில் கேட்கிற அதே குரல். ஒதுங்கி நிற்கச் சொன்னதெல்லாம் அவருக்கு மறந்தே போயிருந்தது.

“மூன்று கிழமை. இங்கே மாற்றலாகி வந்த நாளிலிருந்து. பனடோல் மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை.”

டொக்டர் கிட்டப் போய் அவருடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். சார்ஜண்ட் பிள்ளை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். “நாங்கள் தேடி வந்ததும் இதைத்தான்” என்றார் டொக்டர். நான் திரும்பிப் பார்த்தேன். மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நீர் வற்றிய கரை கிடந்தது. தண்ணீர் எப்போதும் நிற்கிற இடமெல்லாம் வெறும் சரிவாகி, அந்தச் சரிவு முழுக்க இடுப்பளவு கினிப்புல். அத்தனையும் பூத்திருந்தது. மழை தவறியதால் நீர் இறங்கி, இறங்கிய மண்ணில் புல் முளைத்து, தையில் பெய்த மழையில் ஒன்றாகப் பூத்து, கிழக்கிலிருந்து அடிக்கிற காற்றில் நேராகக் கண்டிக்கு வந்துகொண்டிருந்தது. எனக்குச் சத்தம்போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. ஒன்பது நாளாக என் கண் சொன்னது உண்மை.

சார்ஜண்டின் அனுமதியோடு ஒரு பூங்கதிரைப் பறித்துச் சிலைட்டில் தட்டி, சாயம் ஒரு துளி விட்டு, மணல் மூட்டை மேல் நுண்ணோக்கியை வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

“கண் மாதிரி இருக்கிறது” என்றார். பிறகு, “இதுவா என்னை இந்தப் பாடு படுத்துகிறது? அழகாக இருக்கிறதே” என்றார்.

மற்றச் சிப்பாய்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்து தங்களுக்கும் பார்க்க வேண்டும் என்றார்கள். ரஸீன் நானா கைலேஞ்சியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “தள்ள வேணாம், வரிசயா வாங்க, ஒரு ஆளுக்கு ஒரு தரம்தான்” என்று ஆட்களை ஒழுங்குபடுத்தினார். முகாமிலிருந்து அதிகாரி ஜீப்பில் வந்து சேர்ந்தபோது, சிப்பாய்களும் சந்தைக்குப் போகிற பெண்களும் ஒரு பிக்குவும் ஒரே வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அதிகாரி எங்கள் கடிதத்தையும் அடையாள அட்டைகளையும் பார்த்தார். அடுத்த முறை முன்கூட்டி அனுமதி எடுக்க வேண்டும் என்று கண்டித்தார். பிறகு தானும் ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். டொக்டர் சார்ஜண்டுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும் வழி முழுக்க டொக்டரின் சிரிப்புத்தான் பஸ்ஸில் கேட்டது.

அன்று எல்லாம் நல்லபடி முடிந்தது. முடியாமலும் போயிருக்கலாம். அந்தக் காலத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்குக் காணாமல் போனவர்கள் இருக்கிறார்கள். ஆகவே உண்மை சொன்னால் எப்போதும் தப்பலாம் என்று நான் சொல்ல மாட்டேன். பெட்டி சேலைக்குக் கீழே கிடந்து அகப்பட்டிருந்தால், சார்ஜண்ட் தும்முகிற வரை எங்களை அங்கே நிறுத்தி வைத்திருக்க மாட்டார்கள், நேரே முகாமுக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

பருவநிலை மாற்றம் என்ற சொல் அப்போது எங்கள் வாயில் வரவில்லை. வானம் தவறுகிறது என்போம். அதன் பிறகு பச்சை நிறம் ஒரு வருடம் முந்தியது, ஒரு வருடம் பிந்தியது, ஒரு வருடம் இரண்டு தடவை வந்தது. இன்றைக்கு நீங்கள் அதற்கு வரைபடம் போடுகிறீர்கள். நாங்கள் செய்தது, அச்சிட்ட கலண்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு கரும்பலகையைத் தொங்கவிட்டதுதான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தக் கிழமை காற்றில் என்ன இருந்தது என்று எழுதுவேன். ரஸீன் நானா அதைப் பார்த்துக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் சொல்வார்.

அடுத்த வருடம் புல் பங்குனியில் பூத்தது. ஒருவர்கூட நீலம் பாய்ந்து வரவில்லை. ரஸீன் நானா ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் அந்தப் பருவத்தை முடித்தார். முடிந்த கிழமை, அவருடைய மனைவி கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்த வட்டிலப்பத்தை ஒரு பெரிய சட்டியில் கொண்டுவந்து கிளினிக் மேசையில் வைத்தார். எங்களிடம் வைத்துச் சாப்பிடப் பாத்திரம் இல்லை. ஆய்வுகூடத்துக்கு அன்றுதான் வந்திருந்த புதிய கண்ணாடித் தட்டுகளை டொக்டர் பெட்டியோடு பிரித்து, கழுவி, ஆளுக்கொன்று கொடுத்தார். நாங்களும் அன்று வந்திருந்த நோயாளிகளும் அதில் வைத்துச் சாப்பிட்டோம்.

ரஸீன் நானா தட்டை வழித்துக்கொண்டே கேட்டார். “தங்கச்சி, வாற வருஷம் எப்பத் தொடங்கும்?”

“தெரியாது நானா” என்றேன். அந்த மேசையிலிருந்து நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் மனசு லேசாக இருந்தது.

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு கரண்டி வட்டிலப்பத்தை என் தட்டில் வைத்தார். “திங்கக்கிழம வந்து கேக்குறேன்.”